‘சாப்பிட்டாயிற்று’ என்பது பொய்யா? தத்துவவாதிகள் வரையறுக்கும் விதம்

கேள்வி: “தத்துவம் படிப்பவர்கள் ‘அறிவு என்றால் என்ன’, ‘நீதி என்றால் என்ன’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அகராதியைத் திறந்தால் ஒரு வரியில் பொருள் கிடைத்துவிடுகிறது. பிறகு இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஒரு கருத்தை வரையறுக்க முறை என்று ஏதாவது உண்டா?”

அகராதி, சொல் தெரியாதவருக்காக எழுதப்படுவது. தத்துவவாதி கையில் எடுப்பதோ எல்லோருக்கும் தெரிந்த சொற்களை. ஆறு வயதுக் குழந்தைக்குப் ‘பொய்’ என்ற சொல் தெரியும். “அண்ணன் பொய் சொல்றான்” என்று அம்மாவிடம் முறையிடும்போது அதைச் சரியாகவே பயன்படுத்துகிறது. எது இருந்தால் ஒரு பேச்சு பொய்யாகிறது என்று கேட்டுப்பாருங்கள். குழந்தை மட்டுமல்ல, அதன் தாத்தாவும் திணறுவார். புழங்கத் தெரிகிறது, விளக்கத் தெரியவில்லை. நீங்கள் கேட்கும் வேலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இதைத் தொழிலாகவே செய்தவர் சாக்ரடீஸ். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், தன் தந்தைமீதே கொலைக்குற்றம் சாட்ட நீதிமன்றத்துக்கு வந்திருக்கும் யூதிப்ரோ, அதுவே தெய்வத்துக்கு உகந்த செயல் என்கிறான். அப்படியானால் தெய்வத்துக்கு உகந்தது என்றால் என்ன என்று கேட்கிறார் சாக்ரடீஸ். “இப்போது நான் செய்கிறேனே, இதுதான்” என்று பதில் வருகிறது. உதாரணம் வேண்டாம், எல்லா உதாரணங்களுக்கும் பொதுவாக நின்று அவற்றை அப்படி ஆக்குவது எது, அதைச் சொல் என்று மடக்குகிறார். கடைசிவரை விடை கிடைப்பதில்லை. யூதிப்ரோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுகிறான்.

பல ஆண்டுகள் வகுப்பில் தருக்கம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முறையை விளக்குவதைவிட ஒரு கருத்தை எடுத்து உடைத்துக் காட்டுவது மேல். பொய்யையே எடுத்துக்கொள்வோம்.

தமிழில் தொடங்கும்போதே ஒரு முடிச்சு விழுகிறது. நமக்கு மழையும் பொய்க்கும். “வான் பொய்ப்பினும் தான் பொய்யா” என்று காவிரியைப் பாடுகிறது பட்டினப்பாலை. “விண்இன்று பொய்ப்பின்” என்கிறார் வள்ளுவர். வானம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை, அவ்வளவே. ‘பூமி தட்டை என்பது பொய்’ என்கிறோம்; அதை நம்பிய பழங்காலத்தவர் யாரும் பொய்யர் இல்லை. ஆக, நம் ‘பொய்’ என்ற ஒரே சொல்லுக்குள் தவறிப்போவது, மெய்யல்லாதது, ஒருவர் இன்னொருவரிடம் பொய் சொல்வது என்று மூன்று சரக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் அங்கே எழுதுபவர்கள் இந்தப் படியைக் கடக்க வேண்டியதே இல்லை. நாம் முதலில் இதைப் பிரித்துக்கொண்டாக வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது மூன்றாவது, பொய் சொல்லுதல்.

முதல் முயற்சி: ‘உண்மைக்கு மாறானதைச் சொல்வதே பொய் சொல்வது.’ ஐந்தரை மணிக்குப் பஸ் உண்டு என்று நம்பி ஒருவருக்கு வழி சொல்கிறேன். அன்று அது ஓடவில்லை. நான் சொன்னது தவறு. நான் பொய் சொல்லவில்லை. வரையறை தன் எல்லைக்கு வெளியே இருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இந்தக் குற்றத்துக்கு நம் தருக்க நூல்களில் பெயரே உண்டு. நியாய மரபில் ஒரு பொருளுக்குப் பெயர் சொல்வது, அதற்கு இலக்கணம் கூறுவது, அந்த இலக்கணம் நிற்குமா என்று பரீட்சிப்பது என மூன்று படிகள். பரீட்சையில் தேடப்படும் குற்றங்களும் மூன்று. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரக மரபில் எல்லோரும் படிக்கும் உதாரணம் பசு. ‘கொம்புள்ளது பசு’ என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாத்தி. ‘கபில நிறமுள்ளது பசு’ என்றால் வெள்ளைப் பசு வெளியே போய்விடும், அது அவ்வியாத்தி. ‘ஒற்றைக் குளம்புள்ளது பசு’ என்றால் எந்தப் பசுவும் தேறாது, ஏனென்றால் பசுவுக்குப் பிளவுபட்ட குளம்பு, அது அசம்பவம். கழுத்தில் தொங்கும் அலைதாடி உடையது என்பதே அவர்கள் ஏற்ற இலக்கணம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழாக்கினார். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் புதிதல்ல. இன்றைய பாடநூல்கள் ‘தேவையான நிபந்தனை’ (அது இல்லாவிட்டால் ஆகாது), ‘போதுமான நிபந்தனை’ (அது இருந்தாலே போதும்) என்று பேசுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

திருத்துவோம். ‘உண்மையல்ல என்று அறிந்தே ஒன்றைச் சொல்வது.’ பஸ் தகவல் சொன்னவன் தப்பினான். ஆனால் மேடையில் “நானே இந்நாட்டு மன்னன்” என்று முழங்கும் நடிகர் மாட்டிக்கொள்கிறார். எனவே இன்னொன்றைச் சேர்க்கிறோம்: ‘கேட்பவரை ஏமாற்றும் நோக்கத்தோடு.’ இப்போது மூன்று உறுப்புகள் கிடைத்துவிட்டன: சொன்னது உண்மையல்ல, சொன்னவர் அதை உண்மையல்ல என்று கருதுகிறார், ஏமாற்ற நினைக்கிறார். பார்க்கத் திருத்தமாக இருக்கிறது. இங்கே நின்றுவிடுபவர் அகராதி எழுதப் போகலாம். தத்துவவாதி இந்த இடத்தில்தான் சுத்தியலை எடுக்கிறார். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, அது இல்லாமலும் பொய் பொய்யாகவே நிற்கிறதா என்று பார்க்கிறார். பரிசோதனைச்சாலைக்குப் பதிலாகக் கற்பனை நிகழ்ச்சிகள். கருவி என்று பார்த்தால், நம் வாயில் தானாக வரும் தீர்ப்பு மட்டுமே.

முதல் உறுப்பைக் கழற்ற ழான்-பால் சார்த்தரின் ‘சுவர்’ என்ற சிறுகதை உதவுகிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிடிபட்ட பாப்லோவிடம் அவனுடைய தோழன் ராமோன் கிரிஸ் எங்கே என்று விசாரிக்கிறார்கள். அவன் வேறோர் இடத்தில் இருப்பதாகவே பாப்லோ நம்புகிறான். சிப்பாய்களை வீணாக அலையவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று, கல்லறைத்தோட்டத்தில் ஒளிந்திருக்கிறான் என்று அளந்துவிடுகிறான். கிரிஸோ அதற்குள் இடம் மாறி அங்கேதான் போயிருக்கிறான், சிக்கிக்கொள்கிறான். பாப்லோ சொன்னது அட்சரசுத்தமாக உண்மை. அவன் பொய் சொன்னானா?

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பு இரண்டாகப் பிளக்கும். பாதிப் பேர் “பொய்தான், தற்செயலாகப் பலித்துவிட்டது” என்பார்கள். மீதிப் பேர் “பொய் சொல்ல முயன்றான், தோற்றுவிட்டான்” என்பார்கள். நான் இரண்டாம் கட்சிக்காரன். வெகுநாள் முதல் கட்சியில் இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏறத்தாழ 395-இல் பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய புனித அகஸ்தீன் இதைவிடக் குயுக்தியான ஜோடியைக் கொடுத்திருக்கிறார். ஒரு வழியில் கள்வர்கள் இருக்கிறார்கள். உன் நண்பன் உன்னை நம்பாதவன். நீ சொன்னால் அதற்கு நேர்மாறாகவே எடுத்துக்கொள்வான். அவனைக் காப்பாற்ற “அங்கே கள்வர் இல்லை” என்கிறான் ஒருவன். கேட்டவன் கள்வர் உண்டு என்று முடிவுகட்டி வேறு வழியில் போகிறான். அவனை மாட்டிவிட “அங்கே கள்வர் உண்டு” என்கிறான் இன்னொருவன். கேட்டவன் துணிந்து போய்ச் சிக்குகிறான். முதலாமவன் சொன்னது பொய், நோக்கம் மெய்யை உணர்த்துவது. இரண்டாமவன் சொன்னது மெய், நோக்கம் ஏமாற்றுவது. இருவரில் பொய்யன் யார்? உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துக் கையில் தரும் உதாரணம் இது. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இதைவிடச் சுத்தமான பிரிப்பை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது உறுப்பு, ஏமாற்றும் நோக்கம். நெடுங்காலம் யாரும் இதில் கைவைக்கத் துணியவில்லை. ஏமாற்றாமல் பொய்யா என்று தோன்றியது. அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் கார்சன் 2006-இல் எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு ராய் சோரன்சன் எழுதியதும் இதை அசைத்தன. கார்சனின் உதாரணங்களில் ஒன்று நமக்கு நன்றாகவே புரியும், பத்திரிகையில் வாரம் ஒருமுறை ‘பிறழ்சாட்சி’ என்ற சொல்லைப் படிக்கிறோம் அல்லவா. கொலையை நேரில் பார்த்தவன் கூண்டில் நிற்கிறான். அவன் பார்த்தது நீதிபதிக்குத் தெரியும், வழக்கறிஞர்களுக்குத் தெரியும், கேமரா பதிவே இருக்கிறது. குற்றவாளியின் ஆட்களுக்கு அஞ்சி “நான் எதையும் பார்க்கவில்லை” என்கிறான். யாரும் நம்பப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். நம்பவைக்கும் எண்ணமே அவனிடம் இல்லை. ஆனாலும் அது பச்சைப் பொய்.

அப்படியானால் நடிகரையும் சாட்சியையும் எது பிரிக்கிறது? கார்சன் சொல்லும் விடை, உத்தரவாதம். சாட்சி தன் சொல் மெய் என்று பொறுப்பேற்கும் இடத்தில் நின்று பேசுகிறான். நடிகர் அப்படிப் பொறுப்பேற்பதில்லை; டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கும் அது தெரியும். ஜெனிஃபர் லாக்கி போன்றவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை: உள்ளதை மறைப்பதும் ஏமாற்றில் சேர்த்திதான், ஆகவே பழைய உறுப்பைச் சற்று விரித்தால் போதும் என்றார்கள். எனக்கு கார்சன் பக்கமே சரியாகப் படுகிறது. வரையறையைத் திருத்தப் போய் பொய்யைப் பற்றிய பார்வையே மாறிவிட்டதைக் கவனியுங்கள். பொய் என்பது கேட்பவன் மூளையில் தவறான எண்ணத்தை நடும் தந்திரம் என்று தொடங்கினோம். கொடுத்த வாக்கை மீறுவது போன்ற ஒன்றாக அது வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தை எந்த அகராதியும் தராது. உடைந்த வரையறைதான் தந்தது.

ஓர் எதிர் உதாரணத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு வேறோர் இடத்திலிருந்து சாட்சி. அறிவு என்பது தக்க காரணத்தோடு கூடிய மெய்யான நம்பிக்கை என்ற வரையறையை 1963-இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் கவிழ்த்தார். மூன்றும் இருந்தும் வெறும் அதிர்ஷ்டத்தால் மெய்யான நம்பிக்கைகளைக் காட்டினார். அதே வடிவ உதாரணம் எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரரிடம் கிடக்கிறது. இறைச்சி வாட்ட அப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. இறைச்சியை மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவன் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருப்பதாக முடிவு செய்கிறான். நெருப்பும் இருக்கிறது. அவன் அதை அறிந்தானா? கெட்டியருக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகள் முந்தியது இது.

பொய்க்குத் திரும்புவோம். எல்லா உறுப்பும் பொருந்தி வந்தாலும் ஒரு கோடு மிச்சமிருக்கிறது. குருட்சேத்திரத்தில் பீமன் அசுவத்தாமன் என்ற யானையைக் கொல்கிறான். துரோணர் தருமனிடம் கேட்கிறார், மகன் செத்தானா என்று. “அசுவத்தாமன் இறந்தான்” என்று உரக்கச் சொல்லி, “யானை” என்பதைக் காதில் விழாதபடி முணுமுணுக்கிறான் தருமன். இறந்தது அசுவத்தாமன்தான், சொற்களில் பழுதில்லை. துரோணர் மனத்தில் பதிந்தது வேறு. 

இதே வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. திவாலான நிறுவனம் ஒன்றின் விசாரணையில் திரைப்படத் தயாரிப்பாளர் சாமுவேல் பிரான்ஸ்டனிடம் “உங்களுக்கு எப்போதாவது சுவிஸ் வங்கிக் கணக்கு இருந்ததா?” என்று கேட்டார்கள். “கம்பெனிக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் ஒரு கணக்கு இருந்தது” என்றார். அது உண்மை. தமக்கே ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் ஒரு கணக்கு இருந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. கீழே பொய்ச்சாட்சி என்று தண்டித்தார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது: சொன்னது உண்மை, கேட்டதற்கு அது பதிலில்லை என்பதைக் கண்டு மேலே குடைந்திருக்க வேண்டியது வழக்கறிஞரின் வேலை. 

மகாபாரதம் அவ்வளவு தாராளமாக இல்லை. அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய தருமனின் தேர் மண்ணைத் தொட்டுவிட்டது. பொய் சொல்வது வேறு, மெய்யைச் சொல்லித் தவறாக நினைக்கவைப்பது வேறு என்று பிரிப்பவர்கள் பிரான்ஸ்டன் பக்கம் நிற்பார்கள். அந்தப் பிரிவினை உண்மையானதே என்று நினைக்கிறேன். அதற்காக இரண்டாவது குறைந்த பாவம் என்று ஆகிவிடாது. தேர் இறங்கியதற்குக் காரணம் தேட, அவன் பொய் சொன்னான் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

இந்த இடத்தில் யாராவது குறளைக் கொண்டுவருவார்கள், நானே கொண்டுவந்துவிடுகிறேன். “வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்.” வடிவத்தில் இதைவிடத் திருத்தமான வரையறை வாக்கியம் தமிழில் கிடைப்பது அரிது. ஆனால் சொல்லின் புழக்கத்தைப் பதிவு செய்யும் வரையறையாக எடுத்துப் பரீட்சித்தால் உடனே அதிவியாத்தி: “வாருங்கள், உட்காருங்கள்” என்பதிலும் தீமை இல்லை, அதையா வாய்மை என்போம்? வள்ளுவருக்கு இது தெரியாமல் இருக்குமா? அவர் செய்வது வேறு வேலை. மக்கள் எதை வாய்மை என்கிறார்கள் என்று அவர் கணக்கெடுக்கவில்லை. எதை வாய்மையாகக் கொள்ள வேண்டும் என்று சொல்கிறார். இன்று சாலி ஹாஸ்லங்கர் போன்றவர்கள், ஒரு கருத்து நமக்கு எதற்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டு அதைச் சீர்திருத்தி வரையறுக்கும் போக்குக்கு இது உறவு. அடுத்த குறளையும் நுணுகிப் பாருங்கள். “பொய்ம்மையும் வாய்மை யிடத்த” என்கிறார். நன்மை பயத்தால் பொய்ம்மை வாய்மையின் இடத்தில் வைக்கப்படும். ஆனால் அதன் பெயர் இன்னும் பொய்ம்மைதான். எது பொய் என்பது ஒரு கேள்வி, எந்தப் பொய் தகும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டு வரியில் நிற்பது சாமானியமான காரியம் இல்லை. கொலைகாரன் கதவைத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் நண்பனைக் கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-இல் எழுதிய காண்ட் இரண்டாம் கேள்விக்கு எதிர்விடை சொன்னவர். முதல் கேள்வியில் வள்ளுவருக்கும் அவருக்கும் சண்டையே இல்லை.

இனி, முறையின் பலவீனம். எல்லாம் ‘நம் வாயில் தானாக வரும் தீர்ப்பை’ நம்பி நடக்கிறது. யாருடைய வாய்? நாற்காலியில் சாய்ந்திருக்கும் பேராசிரியரின் வாய்தானா? 1981-இல் மொழியியலாளர்கள் லிண்டா கோல்மனும் பால் கேயும் எட்டுச் சிறு கதைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பேசியவர் பொய் சொன்னாரா என்று மக்களைக் கேட்டார்கள். மூன்று உறுப்புகளுக்கும் ஒரே கனம் கிடைக்கவில்லை. சொல்பவரின் நம்பிக்கைக்கே முதலிடம். அடுத்து ஏமாற்றும் நோக்கம். சொன்னது உண்மையில் தவறா என்பதற்குக் கடைசி இடம். இருக்கிறது, இல்லை என்ற கோட்டுக்குப் பதில், அதிகப் பொய், குறைந்த பொய் என்ற சரிவு தெரிந்தது. பிறகு 2015-இல் ஜான் டூரியும் ஆஞ்சலோ டூரியும் கேட்டபோது, உண்மையாகிப்போன சொல்லைப் பொய் என்று சொல்ல மக்கள் தயங்கினார்கள். மறு ஆண்டே வேறொரு குழு வேறு விதமாகக் கேட்டு எதிர் முடிவுக்கு வந்தது. என் வகுப்பு பிளந்தது போலவே ஆய்வும் பிளந்திருக்கிறது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்பதைக் கருத்துக்கணிப்பு நடத்துபவர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

விட்கென்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1953-இல் வெளியான நூலில் ‘விளையாட்டு’ என்ற சொல்லை எடுத்து, எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம் என்றார். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கு, ஒருவருக்கு நடை, ஒருவருக்கு நெற்றி என்று சாயல் பரவிக் கிடப்பதுபோல்தான் சொற்களும் என்பது அவர் வாதம். புளுகு, புரட்டு, சரடு, கட்டுக்கதை, அளப்பு என்று நம்மிடம் இருக்கும் பட்டாளத்தைப் பார்க்கும்போது அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் பொதுக்கூறு இல்லை என்று முன்கூட்டியே கைவிரிப்பவர் தேடவே போவதில்லை. தேடினால்தான் கார்சனின் உத்தரவாதம் போன்ற ஒன்று அகப்படுகிறது.

சில சமயம் சரிவில் ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். சட்டத்துக்கு அது கட்டாயம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 191-ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 227, பொய்ச்சாட்சியை வரையறுக்கிறது. சத்தியம் முதலியவற்றால் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் சொல்லும் கூற்று பொய்யாக இருக்க வேண்டும். அது பொய் என்று அவர் அறிந்தோ நம்பியோ, அல்லது மெய் என்று நம்பாமலோ சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றும் நோக்கம் என்ற உறுப்பே அதில் கிடையாது! பிறழ்சாட்சிச் சிக்கல் அந்தப் பிரிவைத் தொடாது. கார்சன் 2006-இல் வந்துசேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் அது எப்போதோ நின்றுகொண்டிருக்கிறது. ‘மெய் என்று நம்பாமல்’ என்ற மூன்றாம் வாசலும் சாமர்த்தியமானது. உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் அளந்துவிடுபவனும் அதில் சிக்குவான். பாப்லோ மட்டும் தப்பிவிடுவான், அவன் சொன்னது உண்மையாகிவிட்டதே. நீதிமன்றத்தின் கவலை தீர்ப்பு தடம்புரளக் கூடாது என்பது. சாட்சியின் மனச்சாட்சியைச் சலவை செய்வது அதன் வேலை இல்லை. புழக்கத்தில் மங்கலாக இருக்கும் சொல்லை ஒரு காரியத்துக்காகக் கூர்தீட்டிக்கொள்வதை ருடால்ஃப் கார்னாப் 1950-இல் முறையாகவே விவரித்தார். அங்கே ‘வரையறை சரியா’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘இந்தக் காரியத்துக்கு உதவுமா’ என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

தலைப்புக்கு விடை சொல்லாமல் முடித்தால் யூதிப்ரோ மாதிரி நழுவியதாகிவிடும். ஒரு வீட்டுக்குப் போகிறோம், பசி, “சாப்பிட்டீர்களா?” என்கிறார்கள், “ஆயிற்று” என்கிறோம். உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் மூன்றும் இருக்கின்றன: தவறு, தெரிந்தே, நம்பவைக்க. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டம்மா என்ன செய்கிறார்? “உண்மையாகவா? ஒரு வாய் சாப்பிடலாமே” என்று மறுபடி கேட்கிறார். முதல் பதிலை யாரும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதற்கு அந்த இரண்டாம் கேள்வியே சாட்சி. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் மாதிரி அது ஒரு மரியாதைச் சடங்கு. இரண்டாம் முறையும் “சத்தியமாகச் சாப்பிட்டுவிட்டேன்” என்றால் அப்போது பொறுப்பேற்றுக்கொள்கிறோம். ஆகவே முதல் ‘ஆயிற்று’ பொய்யல்ல, இரண்டாவது பொய் என்பது என் கட்சி.

இதை என் மனைவியிடம் சொல்லிப்பார்த்தேன். “பசியோடு வீட்டுக்கு வந்து, அங்கே ஒன்றும் சாப்பிடவில்லை, தோசை வார்க்க முடியுமா என்று கேட்டவர் நீங்கள். இரண்டுமே பொய்தான்” என்றார். கோல்மன், கேயின் கணக்கில் அவருடைய தீர்ப்பும் என்னுடையதும் ஒரே கனம்.